செக்கிங் மேசைக்கு நாலு ஸ்டூல்

என் சித்தி வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசமாட்டாள். பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, கூடத்தில் பாயை விரித்து, சுவரை ஒட்டிப் படுத்து, இரண்டு கால்களையும் சுவர்மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். குதிகால் படும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் அப்படிக் கிடந்த பிறகுதான் மனிதர்கள் அவள் கண்ணுக்குத் தெரிவார்கள். அதற்குள் சித்தப்பா டீ போட்டு வைத்திருப்பார். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர்; பெரும்பாலும் சித்திக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவார்.

"உங்க சித்தி இப்போ சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கா. தொந்தரவு பண்ணாதே" என்பார் என்னிடம்.

முதல் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கினேன். நான் அதிகம் கேள்வி கேட்பவள் இல்லை. சித்தியும் கேட்காமல் சொல்பவள் இல்லை. இருந்தும் அந்த வருடம் அவள் எழுதிய ஒரு மெயிலைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும். பாதி எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மீதியை, சித்தி வாயாடி என்று கூப்பிடும் ஒரு பெண் வந்து நடித்துக் காட்டினாள்.

சித்தி ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து முடித்த சட்டைகள் அவள் பகுதிக்கு வரும். அங்கே பெண்கள் ஒவ்வொரு சட்டையையும் மேசையில் விரித்து, காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்ப்பார்கள். தையல் விட்டிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவார்கள். காலையில் மேசைக்கு வந்தால் சாப்பாட்டு மணி வரை நிற்பார்கள். சாப்பிட்டு வந்தால் மாலை மணி வரை நிற்பார்கள். தைப்பவர்களுக்கு நாற்காலி உண்டு. செக்கிங் என்றால் நின்றுதான் என்பது அங்கே எழுதாத சட்டம். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மேசைகள் உயரமானவை, அதனால் நிற்கிறோம் என்பார்கள். மேசை ஏன் உயரம் என்றால், நிற்பவர்களுக்காகச் செய்தது என்பார்கள்.

சித்தி இளம் வயதில் அதே மேசையில் நின்றவள். என் அக்கா, அதாவது சித்தியின் மகள், வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி, நிற்க முடியாமல் வேலையை விட்டாள். குழந்தைக்குப் பள்ளி வயது வந்த பிறகு திரும்பிப் போனாள். அப்போது அவளைச் செக்கிங்கில் எடுக்கவில்லை. புதிதாக வருகிற சின்னப் பெண்களோடு நூல் பிசிர் வெட்டுகிற இடத்தில் கத்தரிக்கோலைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அங்கிருந்து மறுபடி ஏறித்தான் சூப்பர்வைசர் ஆனாள். இப்போது அந்த அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். சித்தி இந்தக் கதையை ஒரே ஒருமுறைதான் சொன்னாள், அதுவும் வாயாடியின் விஷயம் வந்தபோது.

வாயாடி சித்தியின் மேசையில் வேலை செய்த பெண். நல்ல கண். ஓடுகிற சட்டையில்கூட விட்ட தையலைப் பிடித்துவிடுவாள் என்று சித்தி சொல்வாள். வாய் மட்டும் ஓயாது. சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிரசவ விடுப்புக்கு உரிமை வரும் முன்பே வயிற்றில் குழந்தை வந்துவிட்டது. கால்கள் வீங்கத் தொடங்கின. நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு, ஆள் சேர்ப்பும் விடுப்பும் பார்க்கும் ஆபீஸ் மேடத்திடம் போனாள்.

"நிக்கக் கூடாதுன்னா வீட்டுல இரும்மா. பிரசவம் முடிஞ்சு வா. இடம் இருந்தா பார்க்கலாம்" என்றாராம் மேடம்.

வாயாடி மேசைக்குத் திரும்பி வந்து சித்தியிடம் சொன்னாள்: "அக்கா, இடம் இருந்தா பார்க்கலாமாம். பஸ்ஸுல சொல்ற மாதிரியே சொல்றாங்க. பஸ்ஸுல கூட வயித்துப் பிள்ளைக்காரின்னா எழுந்து உட்கார வைப்பாங்க. இங்க எழுப்பித்தான் விடுவாங்க போல."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கணவன் கட்டட வேலை செய்பவன். வேலை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வீட்டில் நிலையாக நடப்பது வாயாடியின் வேலை ஒன்றுதான். சித்திக்கு அது தெரியும்.

வேண்டியது ஒரு ஸ்டூல். அது தொழிற்சாலையிலேயே இருந்தது. மூடிவிட்ட பழைய டிசைன் அறையின் உயரமான ஸ்டூல்கள், உட்காரும் உயரத்தை ஏற்றி இறக்கும் வகை, ஸ்டோரில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு மூலையில் கிடந்தன. செக்கிங் மேசைக்குச் செய்து வைத்தது போல இருக்கும். போய் எடுத்து வருவதுதான் பாக்கி. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு துடைப்பம் இடம் மாறுவதற்கும் மெயிலில் ஒப்புதல் வேண்டும்.

அங்கே மெயில் எழுதும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிளார்க், புது அயர்ன் இயந்திரம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினாராம். அன்றைக்கே ஒப்புதல் வந்துவிட்டது. அப்படி ஒன்று அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அதிலிருந்து அது ராசியான மெயில். கிளார்க் வேலையை விட்டுப் போன பிறகும் மெயில் கைமாறிக் கைமாறி வந்தது. யாருக்கு எது வேண்டுமென்றாலும் அதையே எடுத்து, 'அயர்ன் இயந்திரம்' என்று இருக்கும் இடத்தில் தங்கள் பொருளைப் போட்டு அனுப்புவார்கள். வேறு ஒரு வார்த்தையிலும் கை வைக்கமாட்டார்கள். வைத்தால் ராசி போய்விடும். அதனால்தான் கேன்டீனுக்குத் தண்ணீர்க் குடம் கேட்டுப் போன மெயிலில், 'இதன் வெப்பம் சீராக இருப்பதால் துணி கருகாது' என்று இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மெயில் போடும்போது யார் பெயரையும் விடக் கூடாது. விட்டால், விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்த ஒருவருக்கு மட்டும் பரிமாறாமல் போனது போல. மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆகவே எல்லா மெயிலும் எல்லோருக்கும் போகும். ஃப்ளோர் மேனேஜர், தர மேனேஜர், ஆபீஸ் மேடம், பாதுகாப்பு அதிகாரி, ஸ்டோர்காரர், கணக்குப் பிரிவு, கடைசியில் எல்லோருக்கும் மேலான பெரிய மேனேஜர்.

சித்தியும் அப்படித்தான் அனுப்பினாள். ராசியான மெயிலை எடுத்து, வாயாடியின் மேசையில் நிற்கும் நாலு பேருக்கும் ஸ்டூல் என்று போட்டு, ஒருவர் விடாமல் சேர்த்தாள்.

பதில்கள் வந்தன. 'பார்த்தேன்.' 'கவனத்தில் கொண்டேன்.' 'எனக்கு ஆட்சேபணை இல்லை, உற்பத்திப் பிரிவு முடிவு செய்யட்டும்.' 'தரப் பிரிவு சொன்னால் சரி.' பாதுகாப்பு அதிகாரி ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சித்தி நேரில் போய்ப் பார்த்தாள். இவரைக் கேட்டால் அவர், அவரைக் கேட்டால் இவர். ஒரு வாரம் அறை அறையாக நடந்தாள்.

"உட்கார்றதுக்கு அனுமதி கேட்டு நடந்தே எனக்குக் கால் போச்சு" என்று சுவர்மேல் கால் போட்டபடி சொன்னாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் பக்கம் போனவள், ஸ்டூல்கள் வாசலுக்கு நகர்த்தப்பட்டிருப்பதைக் கண்டாள். மனசு குதித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றின் காலிலும் மஞ்சள் சீட்டுக் கட்டியிருந்தது. மஞ்சள் சீட்டு என்றால் கழிவு. வெள்ளிக்கிழமை பழைய சாமான் லாரி வருகிறது.

"என்ன சார் இது? நான் கேட்ட ஸ்டூல்" என்றாள் ஸ்டோர்காரரிடம்.

"நீங்க சொன்னபடிதாம்மா செஞ்சிருக்கேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

ஸ்டோர்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். ராசியான மெயிலின் கடைசிப் பத்தி. அந்தக் கிளார்க், புது இயந்திரம் வந்ததும் பழையவற்றைக் கழிவில் சேர்த்துவிடுமாறு ஸ்டோரைக் கேட்டு முடித்திருந்தார். எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் அந்த வரியை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் யாரும் படித்ததில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை ஸ்டோரில் இடம் போதவில்லை. லாரிக்கு என்னென்ன ஏற்றலாம் என்று ஸ்டோர்காரர் தன் மெயில்களில் 'கழிவு' என்ற சொல்லைத் தேடியிருக்கிறார். ஸ்டூல் மெயில் வந்து நின்றது. அத்தனை பேருக்குப் போன மெயிலில், செயலில் இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

"அது பழைய வரி சார். எல்லா மெயில்லயும் இருக்கும்."

"இருக்கட்டும்மா. எழுத்துல வந்தாச்சு, நானும் பட்டியல் அனுப்பிட்டேன். மஞ்சள் சீட்டுக் கட்டினா கட்டினதுதான். அவிழ்க்கணும்னா பெரிய மேனேஜர் சொல்லணும். வேற யார் சொன்னாலும் என் வேலைக்கு ஆகாது."

அன்று மாலை சித்தி பாயை விரிக்கவில்லை. நேராக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தன் தலையில தானே மண்ணு போட்டுக்கறதுன்னு கேட்டிருக்கேன். அதுக்கு ஒப்புதல் கேட்டு மெயில் போட்டவளை இப்பதான் பார்க்கறேன்."

"சிரிங்க. அந்தப் பொண்ணு வேலை போகப் போகுது, நீங்க சிரிங்க."

சித்தப்பா நிறுத்திக்கொண்டார். டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆள் கூடினா பாம்பு சாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நான் ஒரு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் பார்க்கப் போறேன்னு வை. வீட்டுல எல்லாரும் சுத்தி நின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் கேட்டுக்கிட்டே நிப்பேன், இதுல யாரு 'திறங்க'ன்னா மத்தவங்க பேசாம இருப்பாங்கன்னு. அவங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன். உனக்கு அந்த ஆள் யாருன்னு ஸ்டோர்காரரே சொல்லிட்டாரே. அப்புறம் என்ன?"

"பெரிய மேனேஜருக்கு மட்டும் தனியாவா? மத்தவங்க பேரை விட்டுட்டா? ஃப்ளோர் மேனேஜர் என்னை உயிரோட விடுவாரா?"

"உயிரோட விடுவார். சூப்பர்வைசரா விடுவாரான்னு தெரியல."

அது வேடிக்கை இல்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஃப்ளோர் மேனேஜர் நினைத்தால் ஒருவரை எந்தப் பகுதிக்கும் மாற்றலாம். சித்தி டீயை எடுத்துக் குடித்து முடித்தாள்.

மறுநாள் காலை, பெரிய மேனேஜரின் காருக்குப் பக்கத்தில் டிரைவர் அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி போய் நின்றாள். இருவரும் ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள்.

"அண்ணே, ஐயா மெயில் எல்லாம் படிப்பாரா?"

"படிப்பாரே. கார்ல ஏறினதும் அதான் வேலை. ஆனா தள்ளிப் படிக்கமாட்டார்."

"தள்ளின்னா?"

"போன் திரையில என்ன தெரியுதோ அவ்வளவுதான். கீழ தள்ளவே மாட்டார். மேல பத்துப் பேர் பேர் இருந்திச்சுன்னா, 'இத யாராவது பார்ப்பாங்க'ன்னு வாய்விட்டே சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். நான் முன்னாடி உட்கார்ந்து கேட்டுக்கிட்டேதான இருக்கேன்."

சித்தி அங்கிருந்து நேராக ஃப்ளோர் மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். இது வாயாடி நடித்துக் காட்டிய பகுதி. கண்ணாடிக்கு வெளியே ஒரு கட்டுச் சட்டையை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே அவள் ஒட்டுக்கேட்டிருக்கிறாள்.

"சார், ஸ்டூல் விஷயமா பெரிய மேனேஜருக்கு மெயில் போடறேன். அவருக்கு மட்டும். உங்க பேரைப் போடப் போறதில்ல. உங்களுக்குத் தெரியாமப் போட்டேன்னு இருக்கக் கூடாது, அதான் வந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னைத் தாண்டிப் போறியா?"

"தாண்டிப் போறவ சொல்லிட்டுப் போவாளா சார்? உங்க பேரைப் போட்டா, நாளைக்கு இது சரியா வரலன்னா நீங்களும் பதில் சொல்லணும். எதுக்கு உங்களுக்கு அந்தத் தொல்லை?"

"உட்கார்ந்தா தூங்குவாங்க. பார்க்கற பீஸ் எண்ணிக்கை குறையும்."

"நீங்க உட்கார்ந்துதான சார் வேலை பார்க்கறீங்க."

இந்த இடத்தில் வாயாடி எங்கள் கூடத்தில் நின்று இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். சித்திக்கே தான் என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்திருக்கிறது.

"தப்பாப் போச்சுன்னா நீ மட்டும்தான்" என்றார் ஃப்ளோர் மேனேஜர் கடைசியில். "நான் வரமாட்டேன்."

"ஆமா சார். நான் மட்டும்தான்."

அன்று மாலை மெயில் எழுதினாள். சித்தி தமிழில் படித்தவள். ஆங்கிலம் தொழிற்சாலையில் கற்றது. நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் வேலை, அவள் எழுதுவதை என் போனில் வாங்கி, தள்ளாமல் முழுவதும் தெரிகிறதா என்று பார்ப்பது. முதல் தடவை பாதிதான் தெரிந்தது. 'மதிப்பிற்குரிய' என்பதில் தொடங்கி வணக்கம் சொல்லி முடிக்கவே திரை தீர்ந்துவிட்டது.

"வணக்கத்தைக் குறை" என்றார் சித்தப்பா.

"மரியாதை இல்லையே."

"அவர் நேரத்தை எடுக்காம இருக்கறதும் மரியாதைதான்."

சித்தி ஒவ்வொரு வரியாக வெட்டினாள். பிசிர் வெட்டின கை. வெட்டத் தொடங்கினால் நிற்காது. எது போனாலும் கேள்வி மட்டும் மேலே ஏறிக்கொண்டே வந்தது. ஒரு வரியில் மட்டும் சித்தப்பா குறுக்கே விழுந்தார்.

"இதை எதுக்கு எழுதற? 'என் தவறு'ன்னு நீயே எழுத்துல கொடுப்பியா? பின்னாடி இதையே எடுத்துக் காட்டுவாங்க."

"வேற யாரு தவறு?"

"அந்தக் கிளார்க்கோடது."

"படிக்காம அனுப்பினது நான்தான். ஸ்டூல் வேணும்னு கேட்டவ எப்படிக் கழிவுல போடச் சொன்னான்னு அவர் கேட்பார்ல? கேட்டா யோசிப்பார். யோசிச்சா யாரையாவது கூப்பிடுவார். அப்புறம் மறுபடி எல்லாரும் வந்துடுவாங்க."

அந்த வரி நின்றது.

மெயில் ஒரே திரையில் அடங்கியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'பொருள்: நான்கு ஸ்டூல்கள். வெள்ளிக்கிழமை காலைக்குள் உங்கள் ஒப்புதல் தேவை.

ஐயா, வணக்கம். ஸ்டோரில் சும்மா இருக்கும் உயரமான ஸ்டூல்களில் நான்கை என் செக்கிங் மேசை ஒன்றில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாமா? செலவு இல்லை. அந்த மேசையில் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். நிற்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. நல்ல செக்கர். அவரை இழக்க விரும்பவில்லை. பீஸ் குறைந்தால் வாரக் கடைசியில் நானே திருப்பி வைக்கிறேன். என் முந்தைய மெயிலில் தவறாக விட்ட ஒரு வரியால் ஸ்டூல்கள் கழிவில் சேர்ந்துவிட்டன; வெள்ளிக்கிழமை லாரியில் போகும். தவறு என்னுடையது. சரி அல்லது வேண்டாம், ஒரு சொல் போதும்.'

கீழே தன் பெயர், பகுதி. மேலே ஒரே ஒரு பெயர். புதன்கிழமை காலை, பெரிய மேனேஜர் காரில் ஏறும் நேரம் பார்த்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள், அது ஏதோ சொல்லிவிடும் என்பது போல.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. டிரைவர் அண்ணனைக் கேட்டால், ஐயா இரண்டு நாளாக வெளியூர்க் கூட்டத்தில் இருக்கிறார், காரிலேயே ஏறவில்லை என்றார். வியாழக்கிழமை மாலை வாயாடி தன் அளவு நாடாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பைக்குள் எடுத்து வைத்தாள். மாதக் கடைசி வரை இழுக்க முடியாது அக்கா, வெள்ளியோட நிறுத்திக்கறேன் என்றாள். அன்று அவள் வேறு எதுவும் பேசவில்லை. மேசையே ஏதோ மாதிரி இருந்தது என்றாள் சித்தி.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்துவிட்டது. செக்கிங் பகுதியின் ஜன்னல் வழியாகப் பின்வாசல் தெரியும். பழைய விசிறிகள், உடைந்த பெட்டிகள், தையல் இயந்திரத்தின் வெறும் மேசைகள் ஒவ்வொன்றாக ஏறின. பிறகு ஸ்டூல்கள் ஏறின. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்க வேண்டும். மெயில் பார்க்க வேண்டுமானால் ஃப்ளோர் மேனேஜர் அறையிலிருக்கும் கம்ப்யூட்டர்தான். சித்தி இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் முறை போகக் கூச்சமாக இருந்தது. ஜன்னலைப் பார்க்காமல் ஒரு சட்டையை எடுத்து விரித்தாள்.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. ஃப்ளோர் மேனேஜர் தலையை மட்டும் நீட்டினார்.

"இந்தாம்மா. உன் மெயிலை மூடாமலே போயிட்ட. திரையில என்னமோ வந்து நிக்குது. நான் படிக்கல."

படித்திருந்தார். சித்தி போனபோது எழுந்து நின்று இடம் விட்டார்.

'சரி. ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கு மட்டும் அனுப்புங்கள்.' அவ்வளவுதான். பெரிய மேனேஜர் ஸ்டோர்காரரின் பெயரைத் தானே சேர்த்திருந்தார்.

சித்தி அதை மறுபடி படித்தாள். மூன்றாவது முறை படிக்கத் தொடங்கியபோது ஃப்ளோர் மேனேஜரே பிரிண்ட் பொத்தானை அழுத்தினார். "மனப்பாடம் அப்புறம் பண்ணிக்கலாம். ஸ்டோர்காரர் லாரிகிட்ட நிக்கறார், கம்ப்யூட்டர்கிட்ட இல்ல. எடுத்துக்கிட்டுப் போ."

சித்தி ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினாள் என்று வாயாடி சத்தியம் செய்கிறாள். கையில் தாள், கழுத்தில் அளவு நாடா, இரண்டு தளம் படியில் இறங்கிப் பின்வாசலுக்கு. லாரியின் பின்கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர்காரர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். படிக்கிற மனிதர் அவர்.

"நாலுதானே?" என்றார்.

"நாலுதான்."

"மேல பன்னிரண்டு ஏறியிருக்கு."

சித்தி லாரியைப் பார்த்தாள். "மத்ததையும் இறக்கி வைங்க சார். ஒரு மாசம் கழிச்சு அதுக்கும் கேட்பேன்."

"எழுத்துல இல்லையேம்மா."

"இன்னைக்கு மத்தியானம் எழுதறேன். இறக்கிட்டு ஸ்டோர்லயே வைங்க, எனக்குக் கொடுக்க வேணாம். லாரி போச்சுன்னா நான் யாரைக் கேட்கறது?"

ஸ்டோர்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீங்க இப்போ எழுதற வேகத்துக்கு, இறக்கி வைக்கறதுதான் எனக்கு நல்லது" என்று சொல்லி, கொக்கியை எடுக்கச் சொன்னார்.

நான்கு ஸ்டூல்களும் சரக்கு லிஃப்டில் மேலே வந்தன. வாயாடி முதலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பேச்சே வரவில்லையாம்; அதை அவளே வந்து எங்களிடம் ஒப்புக்கொண்டாள். பைக்குள் எடுத்து வைத்த அளவு நாடாவை வெளியே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் சட்டையை இழுத்தாள். மற்ற மூன்று பேருக்கு உட்காரவே தெரியவில்லை. ஃப்ளோர் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம், வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தது போல மூவரும் எழுந்து நின்றார்கள். நாலைந்து முறை பொறுத்துப் பார்த்த சித்தி சொன்னாள்: "உட்காருங்கடி. எழுந்து நிக்கறதுக்கு நான் ஒப்புதல் வாங்கல."

அடுத்த மேசைக்காரிகள் முதல் வாரம் கிண்டல் செய்தார்கள். 'மகாராணிகளுக்கு விசிறி வேணுமா' என்றார்கள். இரண்டாவது வாரம், தங்கள் மேசைக்கு எப்போது வரும் என்று கேட்டார்கள்.

பீஸ் குறையவில்லை. முதல் நாட்களில் கொஞ்சம் தடுமாறி, பிறகு பழைய அளவுக்கே வந்து நின்றது. மாலை நேரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. மற்ற மேசைகளில் சாயங்காலம் ஆனால் கால் வலியில் கண் தளர்ந்து, விட்ட தையல்கள் தப்பிப் போகும். அடுத்த கட்டத்தில் யாராவது பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். இந்த மேசையிலிருந்து போனவை அப்படித் திரும்பி வருவது குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் சித்தி அந்த எண்ணிக்கையை ஒரே திரையில் அடக்கி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய மேனேஜரே மாடிக்கு வந்தார். சித்தியின் மேசைக்கு அருகில் நின்று, பெண்கள் சட்டையைத் திருப்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை யாரும் எழுந்து நிற்கவில்லை. ஃப்ளோர் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, "நாங்க முதல்லேருந்தே இதை நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தோம் சார்" என்றார். சித்தி அதை மறுக்கவில்லை. ஜெயித்த பிறகு கூட வர ஆள் இருந்தால் நல்லதுதானே என்றாள் எங்களிடம்.

"மத்த மேசைக்கும் வேணும்ல?" என்று கேட்டார் பெரிய மேனேஜர். "ஒரு மெயில் போடுங்க."

"காலையிலேயே போட்டுட்டேன் சார்" என்றாள் சித்தி.

அவர் அங்கேயே போனை எடுத்துப் பார்த்தார். தள்ளாமல் படித்தார். கட்டைவிரலால் இரண்டு எழுத்தைத் தட்டினார். ஸ்டோரில் இறக்கி வைத்த எட்டும் அன்றே மேலே வந்தன. போதாததற்குப் புதிதாக வாங்க ஒப்புதல் வந்தது. ராசியான மெயிலை அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் சித்தியின் மெயிலைக் கேட்டு வந்தார்கள். அவள் கொடுக்க மறுத்துவிட்டாள். "என்ன வேணும், யாரால தர முடியும், எப்போ வேணும். வாயால சொல்லு, அதையே எழுது" என்று திருப்பி அனுப்பினாள். ஆபீஸ் மேடம்கூட ஒரு நாள், தனக்கு ஒரு அலமாரி வேண்டும் என்று வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாராம், ஒரு ஸ்டூலில்.

வாயாடி ஒன்பதாம் மாதம் வரை வேலை செய்தாள். விடுப்புக்கு உரிமை வரும் நாளும் அதற்குள் வந்துவிட்டது. பெண் குழந்தை. வாயாடியின் குழந்தை அழுவதில் ஆச்சரியமில்லை, மூச்சு விட நிறுத்துகிறதே அதுதான் ஆச்சரியம் என்றார் போய்ப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா.

விடுப்பு முடிந்து அவள் திரும்பிய காலை, சித்தி வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிப் போனாள். பிசிர் வெட்டும் பகுதியைத் தாண்டி, தையல் வரிசைகளைத் தாண்டி, வாயாடி தன் பழைய மேசைக்கே நடந்து வந்தாள். அவள் இடம் காலியாகக் காத்திருந்தது. பையை மாட்டினாள், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டாள், உட்கார்ந்தாள். மேசை மார்புக்கு வந்தது. உடனே எழுந்தாள்.

"யாருடி என் ஸ்டூலை இறக்கி வெச்சது?" என்றாள் மாடி முழுக்கக் கேட்கும்படி.